பால் கொடுக்கிறவளின் பசி

பிள்ளை பெற்ற பிறகு வருகிற பசியைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வலியைப் பற்றிச் சொன்னார்கள். தூக்கம் போய்விடும் என்றார்கள். காதுக்குள் குளிர் ஏறாமல் துணி கட்டிக்கொள் என்றார்கள். மசக்கைக்காரிக்கு நம் வீடுகளில் ஒரு மரியாதை உண்டு. அவள் மாங்காய் கேட்டால் வீடே ஓடும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு உறவுக்காரர்கள் வருவார்கள். பிள்ளை வெளியே வந்தவுடன் அந்த ஓட்டம் முழுவதும் தொட்டில் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆனால் உண்மையான பசி அப்போதுதான் தொடங்குகிறது.

இலங்கை மலையகத்தில், ஹற்றன் பக்கத்து மார்கழிக் குளிர் தெரிந்தவர்களுக்கு அதிகாலை இரண்டு மணி, மூன்று மணி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை வாய் வைத்துச் சில நொடிகளில் தொண்டை வறண்டுவிடும். அருகில் தண்ணீர் இல்லாவிட்டால் அழுகையே வரும். தாகம் கொஞ்சம் அடங்கியதும் வயிறு கேட்கத் தொடங்கும். அது பத்து மணிக்கு வருகிற சாதாரணப் பசியைப் போல் காத்திருக்காது. கை நடுங்கும், உடம்பு வெலவெலத்துப் போகும். குறிப்பாக எனக்குத் தேங்காய் ரொட்டி வேண்டும், கட்டச் சம்பல் வேண்டும், கட்டிச் சாயத்தில் சீனி நிறையப் போட்ட தேத்தண்ணீர் வேண்டும். சில இரவுகளில் பேக்கரி பணிஸ் மீது வந்த ஆசையைச் சொன்னால், பிள்ளை பெற்றிருப்பவர்கள் மட்டும்தான் நம்புவார்கள்.

இதைப் பேராசை என்றோ பிள்ளைப்பேற்றுச் செல்லம் என்றோ ஒதுக்குகிற பேச்சு என்னைக் கோபப்படுத்துகிறது. இது ஒரு வேலையின் பசி. மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவளுக்கு மத்தியானம் வருகிற பசியைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. பால் கொடுக்கிறவளின் உடம்பும் அதேபோல் ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. முதல் ஆறு மாதங்களில் ஒரு தாயின் உடம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் பால் உற்பத்தி செய்கிறது. அந்தப் பாலில் உள்ள சக்தியும், அதைச் செய்வதற்கான செலவும் சேர்ந்து 600 கலோரிக்கு மேல் போகும். கர்ப்ப காலத்தில் சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்து ஒரு பகுதியை உடம்பே எடுத்துக்கொள்ளும். மிச்சம் சுமார் 500 கலோரியை அவள் ஒவ்வொரு நாளும் கூடுதலாகச் சாப்பிட்டாக வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத் தேவையைவிட இது கொஞ்சம் அதிகமே. 'இரண்டு பேருக்குச் சாப்பிடு' என்ற பேச்சைக் கர்ப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறோமே, அந்தப் பேச்சு அதிகம் பொருந்துவது பிறகு வருகிற மாதங்களுக்குத்தான்.

தாகத்திற்கும் காரணம் உண்டு. பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையிலிருந்து ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன் சுரந்து பாலை இறக்கிவிடுகிறது. தொண்டை வறள்வதும் அந்தச் சமயத்தில்தான். பாலைச் சுரக்கச் செய்கிற புரோலக்டின் இரவில் கூடுதலாக இருக்கும், பசியையும் அது தூண்டும். தூக்கம் கெட்ட உடம்பு இனிப்பையும் மாவையும் தேடுவது இயல்பு. ஆகவே இராத்திரி இரண்டு மணிக்கு ரொட்டிக்கு ஏங்குகிறவளின் உடம்பு சரியாகத்தான் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு வீட்டில் என்ன பதில் இருக்கிறது என்பதுதான் நான் பேச விரும்புவது.

எங்கள் ஊர்களில் பதில் பெரும்பாலும் தேத்தண்ணீர்தான். பசிக்கிறதா, ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக்கொள். களைப்பா, தலைவலியா, குளிரா, அதற்கும் தேத்தண்ணீர். இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட ஒரு கோப்பை வெறும் சாயத்தில் முப்பது சொச்சம் கலோரிதான் இருக்கிறது. அந்த 500 கலோரியைத் தேத்தண்ணீரால் நிரப்ப வேண்டுமானால் 15 கோப்பை குடிக்க வேண்டும். அதிலும் சீனியைத் தவிர உடம்புக்கு ஆகிற வேறொன்றும் இருக்காது. ரொட்டி அதைவிட எவ்வளவோ மேல். 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு, தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்தால் இன்னும் கூடும். ரொட்டிக்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை. அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு பருப்போ முட்டையோ கருவாடோ இல்லாமல் போவதில்தான் தவறு இருக்கிறது.

என் அம்மாயி என் மாமாவுக்குப் பால் கொடுத்தது 1973, 1974 பஞ்சத்தில். பாணுக்கும் மாவுக்கும் வரிசை நின்ற காலம். தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்து, பங்கீடு சுருங்கி, கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று உயிர் பிழைத்த கதையைப் போகவந்தலாவைப் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வயதானவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அம்மாயி அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரு முறை மட்டும், நான் பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது சொன்னார்: "உன் மாமன் உறிஞ்ச உறிஞ்ச எனக்குக் கண் இருட்டும் ஆயா. சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வேன். ஆனால் பால் நிற்கவில்லை." பால் நிற்கவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை.

ஏனென்றால் அவர் சொன்னது உடலியல்படி உண்மை. ஓரளவு பட்டினி கிடக்கிற தாயிடமும் பால் சுரக்கும். அதன் அளவும் புரதமும் எளிதில் குறையாது. கல்சியம் போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும். பிள்ளை பால் மறந்த பிறகு அந்த இழப்பு பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது ஆறுதல். ஆனால் விற்றமின் ஏ, பி வகை விற்றமின்கள், அயடீன் போன்றவை தாய் சாப்பிடுவதற்கேற்ப பாலில் கூடும், குறையும். மற்றபடி விலை கொடுப்பது தாயின் உடம்பு. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது, அவளுக்கு ஒன்றுமில்லை என்று நாம் திருப்திப்படுகிறோம். இரண்டு வருடத்தில் அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கும்போது, அந்தக் காலியான உடம்பிலிருந்துதான் அது தொடங்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அந்த இடைவெளிக்கு வறுமை, குடிநீர், மலசலகூடம், இடநெருக்கடி என்று பல காரணங்கள் உண்டு. தாயின் தட்டும் அவற்றில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுகிறது. உலக அளவில் பார்த்தால் இது பெரிய சாதனை. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கிற படங்களும், வீடு தேடி வருகிற குடும்பநல மாதுவும், அம்மாமார்களும் சேர்ந்து சாதித்தது. இத்தனை பெண்கள் இத்தனை பாலைக் கொடுக்கிறார்கள் என்றால், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி அந்தப் படங்களில் அதே அளவு பெரிய எழுத்தில் இருக்க வேண்டாமா?

இனிப் பத்தியத்திற்கு வருகிறேன். என் மாமியார் அன்பானவர். எனக்காக அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டியவர். ஆனால் அவருடைய 'கூடாது' பட்டியல் நீளமானது. வாழைப்பழம் கூடாது, சளி. தயிர் கூடாது, குளிர்ச்சி. கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி கூடாது, கிரந்தி. பருப்பு கூடாது, பிள்ளைக்கு வாய்வு. இரவில் கீரை கூடாது. எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது சோறும் மிளகு ரசமும் சுட்ட கருவாடும். பசி இரண்டு மடங்கு, உணவு பாதி.

நான் அவரோடு சண்டை போடவில்லை. ஒவ்வொன்றாகப் பேசினேன். "அத்தை, நான் தயிர் சாப்பிட்டாலும் பால் என் உடம்புச் சூட்டில்தானே வருகிறது" என்றேன். வாய்வு என்பது நம் குடலுக்குள் உண்டாகிற காற்று. அது இரத்தத்தில் கலந்து பாலுக்குப் போகாது. பிள்ளை முனகுவதும் காலை மடக்கி அழுவதும் முதல் மூன்று மாதங்களில் பருப்பே தொடாத தாயின் பிள்ளைக்கும் உண்டு. சில பிள்ளைகளுக்கு மட்டும், தாய் குடிக்கிற பசுப்பாலில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளாமல் போகும். மலத்தில் இரத்தம், தோலில் தடிப்பு, விடாத வாந்தி என்று தெரியும். அது வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம். மற்றப்படி தாய்க்கு விலக்கு அதிகம் தேவையில்லை. மாமியார் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் பருப்பை அனுமதித்தார், அதுவும் வெள்ளைப்பூண்டு போட்டு. பிறகு பகலில் கீரை. வாழைப்பழம் கடைசியாகத்தான் வந்தது.

பத்தியத்தின் இன்னொரு பாதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. 'கட்டாயம் சாப்பிட வேண்டும்' என்ற பட்டியலும் அதே பெரியவர்களிடம் இருந்தது, அது அருமையான பட்டியல். நல்லெண்ணெயில் வதக்கிய முழு வெள்ளைப்பூண்டு, நாட்டுக்கோழிச் சாறு, நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை வறை, கருப்பட்டியோடு இடித்த எள். இதில் கொழுப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது, கல்சியம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவை இருக்கிறது. எங்கள் குளிரில் முருங்கை செழிக்காது. கீழ்நாட்டிலிருந்து சந்தைக்கு வருவதை வாங்கத்தான் வேண்டும். ஆனால் வல்லாரையும் பொன்னாங்காணியும் எங்கும் கிடைக்கின்றன. கருவாட்டில் ஒரு சின்ன மாற்றம் நான் செய்தேன். பால் சுரக்கச் சுறா நல்லது என்பார்கள். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், பால் கொடுக்கிறவள் தவிர்ப்பது நல்லது. நெத்தலியும் சூடையும் போதும். முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலியில் கல்சியமும் கிடைக்கும்.

வெள்ளைப்பூண்டைப் பற்றி நான் வாசித்த ஓர் ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மொனெல் நிலையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி பீச்சம்பும் 1991 இல் வெளியிட்டது. தாய்மார்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் அளவில் பாலில் பூண்டு வாசம் ஏறியது. பிள்ளைகள் அதை வெறுக்கவில்லை. வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பில் தங்கினார்கள். 2001 இல் மெனெல்லா குழுவினர் கரட் சாற்றை வைத்து இன்னொன்று செய்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும்போதோ தாய் கரட் சாறு குடித்திருந்தால், பிள்ளை பின்னால் கரட் கலந்த உணவைச் சாப்பிடும்போது முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகிற பாதை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் போகிறது. தாய் சாப்பிடுகிற கறியின் ருசி பாலில் ஏறிப் பிள்ளைக்குப் பழகுகிறது என்றால், பத்தியம் என்று சொல்லித் தாயின் தட்டைச் சுருக்குவது பிள்ளையின் நாக்கையும் சுருக்குவதாகும். மாமியாரிடம் நான் இதைச் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் பாகற்காயும் போடுகிறேன்" என்றார். போட்டார். நானும் சாப்பிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக நின்றேன். பிள்ளை அழுதால் "பால் போதவில்லை, நீ சரியாகச் சாப்பிடவில்லை" என்ற பேச்சு. பக்கத்து வீட்டிலிருந்து வந்தாலும் உறவிலிருந்து வந்தாலும் அது தாயின் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைக்கும். பால் எவ்வளவு சுரக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பிள்ளை எத்தனை முறை, எவ்வளவு நன்றாகக் குடித்து மார்பைக் காலியாக்குகிறது என்பதுதான். வெந்தயம் தின்றால் பால் பெருகும் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தாலும் பால் அதிகமாகாது, தாகத்துக்குக் குடித்தால் போதும். தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதையும், பாலின் அளவு பெரும்பாலும் சாப்பாட்டால் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாய்க்கு நன்றாகச் சாப்பாடு கொடுக்க வேண்டியது பாலுக்காக மட்டும் என்று வைத்துக்கொண்டால், பால் வந்துவிட்டது, இனி அவளுக்கு எதற்கு என்ற இடத்தில் போய் நின்றுவிடுவோம். அம்மாயிக்குப் பால் வந்தது. கண்ணும் இருட்டியது. அவருக்குச் சாப்பாடு வேண்டியிருந்தது அவருக்காக.

தேத்தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து எங்கள் பசியும் தாகமும் அந்தச் செடியோடு கட்டுண்டு கிடக்கின்றன. பால் கொடுக்கிறவள் தேத்தண்ணீரை விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இந்தக் குளிரில் அது கொடுமை. கட்டிச் சாயத்தில் ஒரு கோப்பைக்கு நாற்பது, ஐம்பது மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் பாலுக்குப் போகிறது. ஆனால் பிறந்த பிள்ளையின் உடம்பு அதைக் கழிக்க நாட்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறார்கள். அதாவது நான்கு கோப்பை. கொழுந்து மலைக்குப் போகிற வீட்டில் நான்கு கோப்பை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

கஃபீனைவிட எனக்குக் கவலை தருவது இரும்புச்சத்து. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற தேத்தண்ணீர், ரொட்டியிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் தடுக்கக்கூடும். ரொட்டியை ஒரு வாய், தேத்தண்ணீரை ஒரு வாய் என்று பழகிய ஊர் நாங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்த நட்டம் குறையும். சம்பலில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். கிளினிக்கில் கொடுக்கிற இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்காமல், கல்சிய மாத்திரையோடும் சேர்க்காமல், தனி நேரத்தில் போட வேண்டும். இதைக் குடும்பநல மாது ஒவ்வொரு முறையும் சொல்வார். கேட்கிறவர்கள் குறைவு.

வினோதமான ஆசைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய லயத்தில் ஓர் அக்கா பிள்ளை பெற்ற பிறகும் மாதக்கணக்காகப் பச்சரிசியை மென்றுகொண்டே இருப்பார். சிலருக்கு அடுப்புச் சாம்பல், சிலருக்குச் சுவர் மண், கொழும்பில் வேலை செய்கிற தோழி ஒருத்திக்கு ஐஸ் கட்டி. இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பார்கள். உணவல்லாத பொருளின் மீது இப்படி அடங்காத ஆசை வந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு இருக்கும். இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. வெற்றிலையும் அப்படித்தான். பசியை அமர்த்த மலையில் வெற்றிலை போடுகிற பெண்கள் நிறையப் பேர். புகையிலை சேர்த்தால் நிக்கோட்டின் பாலுக்குள் போகும். பிள்ளை பெற்றவளுக்குச் சூட்டுக்காகப் பிராந்தி கொடுக்கிற வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. இரத்தத்தில் எவ்வளவு மதுவோ பாலிலும் அவ்வளவு இருக்கும், பால் இறங்குவதையும் அது தடுக்கும். கோழிச் சாறு தராத சூட்டையா பிராந்தி தந்துவிடப் போகிறது?

நான் ஆசிரியை. பாடசாலை இடைவேளையில் ஒரு ரொட்டியை உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. என் அம்மாவுக்கு அது வாய்க்கவில்லை. என் தம்பி தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் கிடந்த காலத்தில், கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி ஓடி வருவார். கையைக் கழுவி, பால் கொடுத்து, ஆயாவிடம் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி மேட்டில் ஏறுவார். அந்தக் கொஞ்ச நேரத்தில் பிள்ளை சாப்பிடும், அம்மா சாப்பிடமாட்டார். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணி. 2018 இல் கொண்டுவந்த திருத்தத்தின் பிறகு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் விடுமுறை. சட்டம் நல்ல சட்டம். ஆனால் கிள்ளிய கொழுந்தின் கிலோக் கணக்கில் பேர் போடுகிற, அதாவது நாட்சம்பளம் பதிகிற இடத்தில், மலையிலிருந்து காம்பராவுக்கு நடக்கிற நேரம் அவளுடைய கூடையிலிருந்துதான் கழிகிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடுவதா, தானும் இரண்டு வாய் சாப்பிடுவதா என்று அவள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இன்று பல பிள்ளைக் காம்பராக்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள், சுவருக்கு வண்ணம் அடித்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சத்துணவும் கொடுக்கிறார்கள். மகிழ்ச்சி. அங்கே பால் கொடுக்க வருகிற தாய்க்கும் ஒரு தட்டு அவித்த கடலை வைத்தால் எவ்வளவு செலவாகிவிடும்?

2022 பொருளாதார நெருக்கடியில் என் மதினி கைப்பிள்ளைக்காரி. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. கோதுமை மாவின் விலை ஏறிய வேகத்தில் ரொட்டி மெலிந்தது. பால்மா கிடைக்கவில்லை, திரிபோஷா என்ற சத்துமாவும் தட்டுப்பாடு. அம்மாயி மதினியைப் பார்த்துவிட்டு வந்து, "எழுபத்து நாலு திரும்பி வந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். திரிபோஷாத் திட்டம் தொடங்கியது 1973 இல் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த அந்தப் பொட்டலம் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் என்று கொடுக்கப்படுவது. வீட்டுக்கு வந்ததும் அது எல்லோருடையதாகிவிடுகிறது. மூத்த பிள்ளை கேட்கும்போது எந்தத் தாய் இல்லை என்பாள்? அதனால்தான் அவளுக்குரியதை அவள் வாயில் போட இன்னொரு ஆள் அருகில் இருக்க வேண்டும்.

எனக்கு அந்த ஆள் கிடைத்தார். என் கணவர் படுக்கப் போவதற்கு முன் கட்டில் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, பிளாஸ்கில் சுடுதண்ணீர், ஒரு டப்பாவில் தின்ன ஏதாவது என்று வைத்துவிடுவார். அந்த டப்பாவைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். சில நாள் வறுத்த கச்சான். ஒரு கைப்பிடியில் 170 கலோரி, இருட்டிலும் ஒரு கையால் தின்னலாம். சில நாள் எள்ளுருண்டை. திரிபோஷாவை வறுத்து, தேங்காய்ப்பூவும் கித்துள் கருப்பட்டியும் போட்டுப் பிடித்த உருண்டை இரண்டு தின்றால் விடியும்வரை வயிறு பேசாது. அவித்த முட்டையை உரித்தே வைப்பார், ஓடு உடைக்கிற சத்தத்தில் பிள்ளை விழித்துவிடும் என்பதற்காக. பட்டர் புரூட் காலத்தில் பாதிப் பழத்தைச் சீனி தொட்டுத் தின்பேன். எங்கள் பக்கத்தில் பலர் அதைக் கொழுப்பு என்று ஒதுக்கிவிட்டு, மரத்தடியில் அழுக விடுகிறார்கள். பால் கொடுக்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பழம் குறைவு. காலையில் குரக்கன் கூழ் அல்லது முதல் நாள் சோற்றில் தயிர். மத்தியானம் சோறு, பருப்பு, நெத்தலி, ஏதாவதொரு கீரை. நான்கு மணிக்கு அவித்த கௌபி, தேங்காய்ச் சம்பலோடு. அதற்குப் பிறகும் பணிஸ் ஆசை வந்தது. சாப்பிட்டேன். வயிறு ஒழுங்காக நிறைந்த நாட்களில் அந்த ஆசை ஒரு பணிஸோடு நின்றுவிட்டது, நிறையாத நாட்களில் நிற்கவில்லை. இனிப்பு மீதுள்ள வெறி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வெறும் பட்டினிதான் என்று நான் நம்புவதற்கு அந்த நாட்கள்தான் காரணம்.

அம்மா என் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோது, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிற தன் பழக்கத்தை விடவில்லை. ஆனால் எனக்கு முதல் தட்டு போட்டார். ஆண்களுக்கு முன், பிள்ளைகளுக்கு முன். "பால் கொடுக்கிறவள் முதலில் சாப்பிடட்டும்" என்று சொல்லி, வீட்டில் இருந்த எல்லோரையும் காத்திருக்க வைத்தார். தனக்கு யாரும் செய்யாததை அவர் எனக்குச் செய்தார்.

மகள் இப்போது சோறு சாப்பிடத் தொடங்கிவிட்டாள். பால் குடிப்பது குறைந்திருக்கிறது, என் பசியும் அதற்கேற்பக் குறைந்திருக்கிறது. இராத்திரி ரொட்டிக் கனவு எப்போதாவதுதான். மஸ்கெலியாவில் என் சித்தி மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது. பேபி சோப்பும் பவுடரும் கம்பளித் தொப்பியும் கொண்டுபோக நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் முட்டை ஒரு தட்டு, கச்சான் ஒரு கிலோ, நெத்தலி, எள், கருப்பட்டி, நல்ல மூடியுள்ள ஒரு பிளாஸ்க் எடுத்துவைத்திருக்கிறேன். அவள் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, இராத்திரி டப்பாவில் எதை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கச் சொல்லி என் கணவரையும் கூட்டிப் போகிறேன்.